நட்பு நாடும் நாட்டுக் காவலும்



2004 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கோரல் கேபிள்ஸ் என்ற ஊரில், அதிபர் வேட்பாளர்கள் இருவர் மேடையேறினார்கள். ஒருவர் பதவியிலிருந்த ஜார்ஜ் புஷ். மற்றவர் ஜான் கெர்ரி. ஆபத்து வருமுன் தாக்கும் உரிமையை எந்த அமெரிக்க அதிபரும் விட்டுக்கொடுத்ததில்லை, தானும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று கெர்ரி சொன்னார். ஆனால் அப்படித் தாக்கும்போது அதன் நியாயம் சொந்த மக்களுக்கும் உலகத்துக்கும் விளங்க வேண்டும், அந்தச் சோதனையில் தேற வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். புஷ் அந்தச் 'சோதனை'யை விடாமல் பிடித்துக்கொண்டார். நாட்டைக் காக்க அடுத்தவர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று அவர் அந்த ஆண்டு ஜனவரியிலேயே நாடாளுமன்றத்தில் முழங்கியிருந்தவர். நவம்பரில் வென்றவரும் அவரே.

அன்று முதல் கேள்வி ஒரே வடிவத்தில் உறைந்துவிட்டது. நட்பு நாடுகளை அரவணைத்துப் போவதா, சொந்த நாட்டைக் காப்பதா? அமெரிக்காவில் மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. குண்டு வெடித்த ஒவ்வொரு நாட்டிலும், அடுத்த வாரமே யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். இந்தக் கேள்வியே தவறாகக் கட்டப்பட்டது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

அந்த மேடையில் நின்ற இருவர் மனத்திலும் இருந்தது படை. எத்தனை நாடுகள் வீரர்களை அனுப்பின, செலவை யார் ஏற்றார்கள் என்றே கணக்குப் போட்டார்கள். பயங்கரவாதியைப் படை பிடிப்பது அரிது. அவனைப் பிடிப்பது ஒட்டுக்கேட்ட தொலைபேசி, வங்கிக் கணக்கு, விமானச் சீட்டு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம். அவை பெரும்பாலும் வேறொரு நாட்டின் எல்லைக்குள், வேறொரு நாட்டுக் காவலர் கையில் இருக்கின்றன. படையை அனுமதி கேளாமல் அனுப்பிவிடலாம். இன்னொரு நாட்டு நீதிபதியின் கையெழுத்தை அப்படிப் பெற முடியாது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாளே நேட்டோ தன் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவை எடுத்தது. ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்பது அந்தப் பிரிவு. 1949இல் எழுதப்பட்டது, அதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. ஐரோப்பாவைக் காக்க அமெரிக்கா எழுதிய வாக்குறுதி, அமெரிக்காவைக் காக்க ஐரோப்பா வரும் நிலைக்குத் திரும்பியது. அந்த அக்டோபர் முதல் அடுத்த ஆண்டு மே வரை 13 நாடுகளைச் சேர்ந்த 830 பேர் நேட்டோவின் கண்காணிப்பு விமானங்களில் அமெரிக்க வானத்தைக் காத்தார்கள். ஆப்கானிஸ்தான் போரை மட்டும் நேட்டோவின் கையில் தர வாஷிங்டன் விரும்பவில்லை. பணிதான் கூட்டணியைத் தீர்மானிக்கும், கூட்டணி பணியைத் தீர்மானிக்காது என்று பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அப்போதே அறிவித்திருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதன் விலை தெரிந்த இடம் ஒரு நீதிமன்றம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு உங்களை அழைத்துப் போகிறேன். முகமது அட்டா, மர்வான் அல் ஷெஹி, ஸியாத் ஜர்ரா என, செப்டம்பர் 11 விமானங்களை ஓட்டியவர்களில் மூன்று பேர் அங்கே வாழ்ந்து படித்தவர்கள். அவர்களுடைய நண்பர் முனீர் எல் மொதஸ்ஸதேக் என்ற மொராக்கோ மாணவர். அல் ஷெஹியின் வங்கிக் கணக்கை நடத்தும் அதிகாரம் இவரிடம் இருந்தது. அட்டாவின் உயிலில் சாட்சிக் கையெழுத்தும் இவருடையது. 2003 பிப்ரவரியில் ஹாம்பர்க் நீதிமன்றம் இவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தது. அந்தத் தாக்குதலுக்காக உலகில் எந்த நீதிமன்றமும் வழங்கிய முதல் தண்டனை அதுதான்.

ஓராண்டில் அது உடைந்தது. சதியின் நடுப்புள்ளியில் இருந்தவர் ரம்ஸி பின் அல் ஷிப். இவரும் ஹாம்பர்க் குழுவைச் சேர்ந்தவர். 2002 செப்டம்பரில் கராச்சியில் பிடிபட்டு அமெரிக்காவின் ரகசியக் காவலில் இருந்தார். மொதஸ்ஸதேக்குக்குச் சதி தெரியுமா தெரியாதா என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். அவரைச் சாட்சியாகக் கேட்டது ஜெர்மன் நீதிமன்றம். அமெரிக்கா அவரையும் தரவில்லை, அவர் வாக்குமூலத்தையும் தரவில்லை. 2004 பிப்ரவரியில், அதே ஹாம்பர்க் குழுவோடு தொடர்புடையதாகக் குற்றம்சாட்டப்பட்ட அப்தெல்கனி ம்ஸூதி விடுதலையானார். மார்ச்சில் ஜெர்மனியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மொதஸ்ஸதேக்கின் தண்டனையையும் ரத்து செய்தது. முக்கியச் சாட்சியை அரசுகள் மறைத்துவைத்துக்கொண்டால், அந்த மறைவின் பாரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மேல் ஏற்றக் கூடாது என்பது நீதிபதிகளின் நிலை.

மறுவிசாரணையில் அமெரிக்கா சில சுருக்கங்களை மட்டும் அனுப்பியது. பின் அல் ஷிப் எங்கே, எந்த நிலையில், யாரிடம் அவற்றைச் சொன்னார் என்ற விவரம் இல்லை. அவற்றை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றது நீதிமன்றம். 2005 ஆகஸ்டில் ஏழாண்டுத் தண்டனை, அதுவும் பயங்கரவாத அமைப்பில் உறுப்பினராக இருந்ததற்காக மட்டும். பிறகு 2006 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விசாரணையில் ஏற்கெனவே வெளிவந்திருந்த சான்றுகளையே எடைபோட்டு, நான்கு விமானங்களிலும் இறந்த 246 பேரின் கொலைக்கு அவர் உடந்தை என்று முடிவு செய்தது. 2007 ஜனவரியில் மீண்டும் 15 ஆண்டு.

இந்த நான்காண்டு அலைச்சலை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனி இராக் போரை எதிர்த்த நாடு. 'பழைய ஐரோப்பா' என்று ரம்ஸ்ஃபெல்ட் ஒதுக்கிப் பேசிய நாடு. அதே காலத்தில் அமெரிக்கர்களின் கொலைக்கு நீதி தேடித் திரும்பத் திரும்ப விசாரணை நடத்தியதும் அந்த நாடுதான். அதற்குத் தடையாக நின்றது வாஷிங்டனின் ரகசியம். பாதுகாப்புக்காக மறைத்தோம் என்றார்கள். மறைத்ததன் பலன், குற்றம்சாட்டப்பட்ட ஒருவர் விடுதலையானதும் இன்னொருவர் கிட்டத்தட்டத் தப்பியதும்தான்.

மிலான் நகரில் நடந்தது இதைவிட மோசம். அங்கே அபு ஒமர் என்று அழைக்கப்பட்ட எகிப்திய இமாம் ஒருவரை இத்தாலியக் காவல்துறை நெடுநாளாகக் கண்காணித்து வந்தது. அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள். அவரைப் பிடிக்காமல் விட்டுவைத்தது மெத்தனத்தால் அல்ல. அவரிடம் யார் வருகிறார், அவர் யாரைப் போருக்கு அனுப்புகிறார், பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வலையையே வெளிக்கொணரத்தான். 2003 பிப்ரவரி 17 அன்று பட்டப்பகலில், தெருவில் நடந்துபோனவரை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆட்கள் வேனில் ஏற்றினார்கள். அவியானோ விமானதளம், அங்கிருந்து ஜெர்மனியின் ராம்ஸ்டைன், அங்கிருந்து கெய்ரோ. எகிப்தியச் சிறையில் சித்திரவதைப்பட்டதாக அவர் பின்னர் சொன்னார்.

அவர் காணாமற்போனதும் மிலான் காவலர்கள் தேடினார்கள். அவர் பால்கன் பகுதிக்குப் போயிருக்கலாம் என்று அமெரிக்கத் தரப்பு அவர்களுக்குத் தகவல் அனுப்பியது. அது பொய்த் தகவல். சொந்தக் கூட்டாளியின் துப்பறிவாளர்களைத் திட்டமிட்டுத் தவறான திசைக்கு அனுப்பியிருக்கிறார்கள்! அரசு வழக்கறிஞர் அர்மாந்தோ ஸ்பதாரோ விடவில்லை. இவர் எழுபதுகளின் இறுதியிலிருந்தே இத்தாலியின் உள்நாட்டுப் பயங்கரவாதிகள் மீது வழக்கு நடத்தியவர். கடத்தியவர்கள் பயன்படுத்திய கைபேசிகளின் தடத்தைப் பிடித்தே அவர்களை அடையாளம் கண்டார்கள். 2009 நவம்பரில் 23 அமெரிக்கர்களுக்கு, அவர்கள் நேரில் இல்லாத நிலையில், தண்டனை விதிக்கப்பட்டது. 2013இல் மிலான் நீதிமன்றம் அபு ஒமருக்கும் பயங்கரவாதக் குற்றத்துக்காக ஆறாண்டு விதித்தது, அவரும் நேரில் இல்லாமலே. அந்தத் தெருவில் வேன் வராதிருந்தால் சில மாதங்களில் அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் நேராகவே கூண்டில் நின்றிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். ஒரு மனிதரைத் தூக்கிப்போய் ஒரு வலையைத் தொலைத்தார்கள்.

நல்ல வேளையாக, எல்லா அறைகளிலும் இந்த மனநிலை இல்லை. 2003 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்ற உணவகம் பிரான்ஸ் மேல் கொண்ட கோபத்தில் 'பிரெஞ்சு ஃப்ரைஸ்' என்ற உருளைக்கிழங்கு வறுவலின் பெயரையே மாற்றியது. அதே நாட்களில் பாரிஸில், பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் தலைமையில், சிஐஏ பணமும் சேர, ஒரு கூட்டு உளவு மையம் வேலை செய்துகொண்டிருந்தது. பிரிட்டன், ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் ஆட்களும் அங்கிருந்தார்கள். அந்த ஜூனில், துனீசியாவின் ஜெர்பா தீவில் யூதக் கோயிலுக்கு வெளியே ஜெர்மானியச் சுற்றுலாப் பயணிகள் உட்படப் பலரைக் கொன்ற 2002 தாக்குதலின் சந்தேக நபர் கிறிஸ்டியன் கன்ஸார்ஸ்கி பாரிஸ் விமான நிலையத்தில் கைதானார். இராக்கைப் பற்றித் தலைவர்கள் சண்டையிட்ட நாடுகள் சேர்ந்து பிடித்த ஆள். பிரெஞ்சு நீதிமன்றம் 2009இல் 18 ஆண்டு விதித்தது.

நண்பன் என்பவன் தவறு கண்டபோது முன்வந்து கண்டிப்பவன் என்று வள்ளுவர் வழியாக நாம் பள்ளியிலேயே படித்தோம். இராக் போருக்கு முன்பும் அப்படி ஒரு நண்பனின் குரல் எழுந்தது. இராக்கின் நடமாடும் உயிரியல் ஆயுதக்கூடங்கள் பற்றி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசியதற்கு முக்கிய ஆதாரம் ஒரே மனிதர். 'கர்வ்பால்' என்று குறிப்பெயர் இடப்பட்ட அந்த இராக்கிய அகதி ஜெர்மன் உளவுத்துறையின் பொறுப்பில் இருந்தவர். அவர் சொல்வதைச் சரிபார்க்க முடியவில்லை என்ற எச்சரிக்கை ஜெர்மானியரிடமிருந்து முன்பே வந்திருந்தது. நேரடியாக அவரைச் சந்திக்க அமெரிக்கர்களை அவர்கள் விடவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். குறை அங்கும் இருந்தது. ஆனால் ஐயம் தெரிவித்த நட்பு நாட்டின் குரல் மேலே போய்ச் சேரவில்லை. தான் சொன்னது பொய் என்று அந்த மனிதரே 2011இல் ஒப்புக்கொண்டார். இடையில் எத்தனை உயிர்கள் போயின என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இராக்கில் அந்தப் போர் திறந்துவிட்ட வெற்றிடத்தில் வளர்ந்ததுதான் பின்னாளில் ஐஎஸ் ஆனது.

நட்பு நாடுகளை நம்பினால் நாடு கெடும் என்பவர்களிடம் ஒரு வலுவான சான்று இருக்கிறது. அதைத் தாண்டிச் செல்வது நியாயமாகாது. அபோட்டாபாத்.

2001க்குப் பின் பாகிஸ்தான் அமெரிக்காவின் முன்வரிசைக் கூட்டாளி. 2004இல் நேட்டோவுக்கு வெளியேயுள்ள முக்கிய நட்பு நாடு என்ற தகுதியும் தரப்பட்டது. பத்தாண்டில் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் போயிற்று. 2011 மே 2 அன்று அபோட்டாபாத்தில் அமெரிக்கப் படையினர் ஒசாமா பின் லேடனைக் கொன்ற வீடு, பாகிஸ்தான் ராணுவ அகாடமிக்குப் பக்கத்தில் இருந்தது. பாகிஸ்தானுக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவருக்குத் தகவல் போயிருக்கலாம் என்று அப்போதைய சிஐஏ இயக்குநர் லியோன் பனெட்டா வெளிப்படையாகச் சொன்னார். அன்று தனித்துச் செயல்பட்டது சரியே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பாகிஸ்தானோடு இருந்தது எந்த வகை உறவு? கராச்சி துறைமுகத்திலிருந்து தோர்க்கம், சமன் வாயில்கள் வழியாக ஆப்கானிஸ்தானுக்குச் சரக்கு லாரிகள் போக வேண்டும். அதற்குக் கொடுத்த விலைதான் அந்தப் பணம். 2011 நவம்பரில் சலாலா எல்லைச் சாவடியில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்ததும் அந்தப் பாதை ஏழு மாதம் மூடப்பட்டது. உஸ்பெகிஸ்தானின் கார்ஷி கானாபாத் விமானதளமும் இதே கதைதான். 2005 மே மாதம் அந்திஜானில் அந்த அரசு மக்கள் மேல் சுட்டது. சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. ஆறு மாதத்தில் தளத்தைக் காலி செய் என்று பதில் வந்தது. இந்த உறவுகளில் வாடகை உண்டு, அடுத்தவர் நீதிமன்றத்தில் நம்பி ஏற்கத்தக்க ஒரு தாள்கூட இல்லை. மிலானின் ஸ்பதாரோவையும் தாஷ்கண்டின் சிறை அதிகாரியையும் கூட்டாளி என்ற ஒரே பட்டியலில் வைத்ததுதான் அடிப்படைப் பிழை. நமக்குப் பாதுகாப்பு தருவது, தன் சொந்த அரசிடமும் நம்மிடமும் 'முடியாது' என்று சொல்லத் துணிந்த காவலரும் நீதிபதியும் உள்ள நாடு. கட்டளைக்குக் கைகட்டி நிற்கும் நாடு, நாளை வேறொருவர் கட்டளைக்கும் கைகட்டும்.

இந்தியர்களுக்கு இதில் ஆறாத காயம் ஒன்று உண்டு. மும்பையில் 2008 நவம்பரில் 166 பேர் கொல்லப்பட்ட தாக்குதலுக்கு இடங்களை வேவு பார்த்துக் கொடுத்தவர் டேவிட் ஹெட்லி. ஒருகாலத்தில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறைக்கு உளவு சொன்னவர். அவருடைய மனைவியர் இருவர், வெவ்வேறு காலங்களில், அவர் பயங்கரவாதிகளோடு பழகுவதாக அமெரிக்க அதிகாரிகளிடமே போய்ச் சொன்னார்கள். யாரும் தீர விசாரிக்கவில்லை. 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட மாட்டார் என்ற உறுதியையும் பெற்றுக்கொண்டார். அவருக்கு 35 ஆண்டு. இதே தாக்குதலில் குற்றம்சாட்டப்பட்ட அவருடைய நண்பர் தஹவ்வூர் ராணா இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது 2025 ஏப்ரலில். பாகிஸ்தானைப் புண்படுத்த அமெரிக்கா தயங்கிய ஆண்டுகளின் கணக்கும் இதில் சேர்ந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி, நட்பு நாடு தன் கடமையை முழுமையாகச் செய்தபின் நடந்தவை. 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல் காய்தாவினர் கூடினார்கள். சிஐஏ கேட்டுக்கொண்டபடி மலேசியாவின் சிறப்புப் பிரிவுக் காவலர்கள் அவர்களைப் பின்தொடர்ந்து படமெடுத்துக் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் அந்த மாதமே லாஸ் ஏஞ்சலிஸில் போய் இறங்கினார்கள். சிஐஏ அவர்கள் பெயர்களைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது 2001 ஆகஸ்டில். அடுத்த மாதம் பென்டகன் மேல் மோதிய விமானத்தில் அந்த இருவரும் இருந்தார்கள். மலேசியா தந்ததை அமெரிக்காவின் ஒரு துறை இன்னொரு துறைக்குத் தரவில்லை.

இதைவிட நம் நெஞ்சுக்கு அருகில் நடந்தது 2019 ஏப்ரலில். இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம் தமிழில் உரையாற்றி ஆள் சேர்த்தவர். கோயம்புத்தூர் வழக்கு ஒன்றின் விசாரணையில் இந்தியப் புலனாய்வாளர்களுக்கு அவருடைய காணொளிகள் கிடைத்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. அவருடைய கூட்டம் தாக்கவிருப்பதாக ஏப்ரல் 4 அன்று இந்தியா இலங்கை உளவுத்துறைக்கு எச்சரிக்கை அனுப்பியது. யார், எந்த அமைப்பு, எந்த வகை இலக்கு என எல்லாம் அதில் இருந்தன. தேவாலயங்கள் என்ற சொல்லும் இருந்தது. ஏப்ரல் 16 அன்று காத்தான்குடி அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது, ஒத்திகை. ஏப்ரல் 20 அன்று மீண்டும் எச்சரிக்கை.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர், ஞாயிறு பள்ளி முடித்து வந்த தமிழ்ப் பிள்ளைகள்.

பதினேழு நாள் இருந்தது. அந்த நாட்களில் அந்தத் தகவல் எங்கே கிடந்தது? 2018 அக்டோபரில் அதிபர் மைத்திரிபால சிறிசேனவுக்கும் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவுக்கும் மூண்ட பதவிச் சண்டைக்குப் பின், தேசியப் பாதுகாப்புக் கூட்டத்துக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. காவல்துறைத் தலைவருக்கும் அங்கே இடமில்லை. உள்நாட்டு உளவுப் பிரிவிடம் வந்த எச்சரிக்கை கடிதமாகி, கடிதம் மேற்கடிதமாகி, முக்கியப் பிரமுகர்களின் பாதுகாவலர்களுக்குப் போனது. பங்குத் தந்தையருக்குப் போகவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. காவல்துறைத் தலைவரும் உளவுப் பிரிவின் தலைவரும் தலா ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலர் ஐந்து கோடி. வழக்குத் தொடுத்தவர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இருந்தார்கள். ஒரு முன்னாள் அதிபரை இப்படித் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கும் துணிவு தெற்காசியாவில் அரிது. அந்த நீதிபதிகளை நான் வணங்குகிறேன்.

நம் நாட்டில் அப்படிக் கேட்க வழி இருக்கிறதா? உள்நாட்டு உளவுத்துறைக்கும் அயல்நாட்டு உளவு அமைப்பான ராவுக்கும் அதிகாரம் தரும், எல்லை வகுக்கும் சட்டம் எதையும் இந்திய நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. அயல்நாட்டிலிருந்து வரும் எச்சரிக்கை யார் மேசைக்குப் போகிறது, எத்தனை மணி நேரத்தில் போகிறது, போகாவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்கும் நாடாளுமன்றக் குழுவும் இல்லை. 2011இல் மணீஷ் திவாரி இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. இந்த மண்டபத்தில் சட்டம் படிக்கும் மாணவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். அந்த மசோதாவைத் தேடி எடுத்துப் படியுங்கள். அதன் குறைகளைத் திருத்தி எழுதி, உங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.